எழுத்தின் அகலம்: மாதோட்டக் கல் முதல் இணையப் பக்கம் வரை

எழுத்துக்கு ஒலியும் வரிவடிவும் உண்டெனவும், ஒலியை அளக்க மாத்திரை உண்டெனவும் இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். வரிவடிவுக்கும் ஓர் அளவு உண்டு. அஃது அகலம். புலவர் இதனைப் பொருட்படுத்தியிலர். கல்லில் எழுத்து வெட்டிய தச்சனும், ஓலையில் எழுதியோனும், ஈய எழுத்தை அடுக்கிய அச்சுக்கோப்பாளனும் இதனை ஒரு நாளும் மறந்திருக்க இயலாது. எழுதத் தொடங்கும் முன்னரே சொல் இடத்துள் அடங்குமா என்று அறிய வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. அத்தேவை இன்று இணையப் பக்கங்களை ஆக்கி அனுப்பும் சேவையகக் கணினிக்கும் நேர்ந்துள்ளது. தமிழைப் பொறுத்தவரை அக்கணினி பன்முறை தவறி விடுகின்றது. தவற்றின் காரணத்தை அறிவதற்கு மன்னார்க் கரையின் எழுத்து வரலாறு நல்லதொரு சான்றாகும்.

மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் அமைந்த மாதோட்டம் பழம்பெருந் துறைமுகம். திருக்கேதீச்சரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சோழர் ஆட்சி வட இலங்கையில் நிலைபெற்ற காலத்தில் அத்துறை இராசராசபுரம் என்னும் பெயரையும் பெற்றது. சோழநாட்டவனாகிய தாழிகுமரன் என்பான் அங்கு இராசராச ஈச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்து அதன் வழிபாட்டுக்கு நிவந்தம் வைத்த செய்தியைக் கூறும் தமிழ்க் கல்வெட்டு கொழும்பு அரும்பொருட்சாலையில் உள்ளது. இத்தகைய சாசனங்களில் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே வெளி இல்லை. வரி முடியும் இடத்தில் சொல் முறியும். அடுத்த வரியில் தொடரும். கல்லின் அகலமே வரியின் அகலம். ஆயினும் வெட்டிய எழுத்தை அழித்தல் அரிதாதலின், தச்சன் உளியை எடுக்குமுன் செய்தி முழுவதும் கல்லில் அடங்குமா என்பதைக் கண்ணாலேனும் கயிற்றாலேனும் மதிப்பிட்டே தீரவேண்டும்.

இவ்விடத்தில் மன்னாரை விட்டுச் சற்றே தெற்கு நோக்கிச் செல்லுதல் தகும். காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல், சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்தோடு இலங்கைக்கு வந்தது. அதன் வாசகம் 1409ஆம் ஆண்டுக்குரியது. வலப்புறம் சீனம், இடப்புறத்தின் மேற்பகுதியில் தமிழ், அதன் கீழ்ப் பாரசீகம் என ஒரே கல் மூன்று மொழிகளுக்குப் பங்கிடப்பட்டுள்ளது. தமிழ்ப் பகுதி தென்னிலங்கையின் தெனவரை நாயனார்க்கு அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றது. சீன எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒரே அளவான சதுரத்துள் அடங்குவன. அவற்றை எண்ணினாலே இடத்தை அளந்ததாகும். பாரசீக எழுத்து அடுத்த எழுத்தோடு கூடித் தன் உருவத்தை மாற்றிக்கொள்வது. தனித்தனியே அளந்து கூட்டினால் கணக்குப் பிழைக்கும். தமிழ் எழுத்து இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ரகரம் ஒடுங்கியது, ணகரம் அகன்றது, ஒற்றின் புள்ளியோ இடமே கொள்ளாதது. கல் சீனத்திலேயே எழுத்துப் பொறிக்கப்பட்டுப் பின்னர்க் கொணரப்பட்டது என்பர். பக்கம் ஆக்கப்படுவது ஓரிடத்தில், படிக்கப்படுவது கடல் கடந்த வேறோரிடத்தில். சேவையகத்தின் நிலையும் இதுவே. இரண்டிற்கும் வேற்றுமை ஒன்று உண்டு. கல்லில் வெட்டிய எழுத்து வழியில் தன் அகலத்தை மாற்றிக்கொள்ளாது. இணையத்தில் செல்லும் எழுத்து மாற்றிக்கொள்ளும். அது பின்னர் விளங்கும்.

ஓலையில் எழுதியோர் இடத்தை அளந்ததோடு எழுத்தையும் எண்ணினர். ஒற்றெழுத்தை நீக்கி, உயிரும் உயிர்மெய்யுமாக முப்பத்திரண்டு எழுத்துக் கொண்டது ஒரு கிரந்தம் என நூலின் அளவு கூறப்பட்டது. கட்டளைக் கலித்துறையிலும் ஒற்றை ஒழித்தே அடிக்கு 16 அல்லது 17 எழுத்து எண்ணுவர். ஆகவே 'மன்னார்' என்னும் சொல் கிரந்தக் கணக்கில் இரண்டெழுத்து. பள்ளி மாணவன் கணக்கில் நான்கெழுத்து. இவற்றுள் எதுவும் அச்சொல் ஓலையில் கொள்ளும் நீளத்தைச் சொல்லாது. மேலும், ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளி இடாது எழுதுதல் பெருவழக்காய் இருந்தது. ரகரமும் காலும் ஒரே வடிவின. எனவே பழைய ஏட்டைப் படிப்பவன் ஒன்றுபோல் நிற்கும் கோடுகளைக் கண்டு, அவற்றுள் எது கால், எது ரகரம் எனத் தன் அறிவால் பிரித்துணர வேண்டும். கொம்பு ஒரு வரியின் ஈற்றிலும் அதற்குரிய மெய் அடுத்த வரியின் தொடக்கத்திலும் நிற்கும் ஏடுகளும் உள. படிப்பவன் தமிழறிந்தவனாதலின் இடர்ப்படவில்லை. கணினிக்கு அவ்வறிவு இல்லை என்பதே பின்வந்த சிக்கல்களின் வேர்.

எழுத்தின் அகலம் பொருளாகவே ஆகிக் கையில் எடுக்கக்கூடியதாய் மாறியது அச்சினால். இவ்வரலாற்றிலும் மன்னாருக்கு இடமுண்டு. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். முத்துக்குளித்துறைப் பரதவருள் ஒரு பகுதியினர் அங்குக் குடியேற்றப்பட்டனர். அம்மக்களிடையே பணிபுரிந்த அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் 1561இல் மன்னாரிலிருந்து கடிதங்கள் வரைந்தவர். தமிழுக்குப் போர்த்துக்கேய மொழியில் இலக்கணம் எழுதியவரும் அவரே. 1554இல் இலிசுபனில் அச்சிட்ட நூலில் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே நின்றன. தமிழ் வரிவடிவில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் 1578 அக்டோபர் 20ஆம் நாள் வெளிவந்தது. பதினாறு பக்கங்கொண்ட சிறு நூல். அதன் இறுதியில் கோவாவில் 1577இல் வார்த்த எழுத்தும் கொல்லத்தில் 1578இல் வார்த்த எழுத்தும் மாதிரியாகக் காட்டப்பட்டுள்ளன. ஒரே மொழிக்கு இருவேறு எழுத்துரு, இருவேறு அகலம் என்பதைத் தமிழன் முதன்முதலாக ஒரே தாளில் கண்டது அங்கேயாகும்.

ஈய எழுத்தின் இயல்பு நோக்கத்தக்கது. ஒவ்வொரு கட்டையும் ஒரே உயரமுடையது. அகலம் மட்டும் எழுத்துக்கேற்ப வேறுபடும். அச்சுக்கோப்பாளன் தன் கையிலுள்ள சிறு தட்டில் (அச்சகத்தார் அதனை ஸ்டிக் என்பர்) கட்டைகளை வரிசையாக அடுக்குவான். தட்டின் அகலம் முன்னரே திருகி நிறுத்தப்பட்டிருக்கும். கடைசிச் சொல் கொள்ளாதாயின் அதனை எடுத்துவிட்டு வெற்றுக் கட்டைகளால் இடைவெளியை நிரப்புவான். இங்கே கணக்கும் செயலும் ஒன்றே. அகலத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கட்டைகளே கூடிக் காட்டும். தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் அச்சுத் தொடங்கியபோது, செருமனியின் ஆல்லே நகரில் வார்த்து அனுப்பிய எழுத்துகள் பருத்திருந்தமையால் தாள் மிகுதியாய்ச் செலவாயிற்று. ஆதலின் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்து 1714, 1715ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டனர். எழுத்தின் அகலம் தாளின் விலையாய் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையிலும் இவ்வீயக் கணக்கே நடந்தது.

தட்டச்சுப் பொறி இதற்கு நேர்மாறு. அதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அடி. ஆயினும் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குச் சென்ற இரா. முத்தையா முதலியோர் தமிழுக்கு அமைத்த பொறிகளில், புள்ளியைத் தட்டும்போது வண்டி நகராது நிற்கும். அகலம் இல்லாத எழுத்துறுப்பு என்னும் கருத்து இரும்பில் அமைந்தது அப்போது.

1978இல் தமிழ்நாட்டு அரசு கைக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தமும் இங்கே கருதற்பாலது. அதற்கு முன் னா என்பது சுழித்து முடியும் ஒற்றை வடிவம்; லை என்பது துதிக்கைபோல் வளைந்த ஒற்றை வடிவம். பின்னர் அவை மெய்யும் காலும், இணைக்கொம்பும் மெய்யுமாய்ப் பிரிந்தன. மன்னார், பேசாலை, தலைமன்னார், வங்காலை ஆகிய பெயர்களை எழுதிப் பார்த்தால், இவை ஒவ்வொன்றும் அம்மாற்றத்தால் வடிவு மாறியமை புலனாகும். ஊர் அங்கேயே இருக்க, அதன் பெயர் தாளில் கொள்ளும் இடம் மாறிற்று.

இனிக் கணினிக்கு வருவோம். 1991இல் வெளியான யூனிகோடு முதற் பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதில் 247 எழுத்துக்கும் தனித்தனிக் குறியெண் இல்லை. உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி ஆகியவற்றுக்கே குறியெண் உண்டு. ஆகவே மன்னார் என்பது ம, ன, புள்ளி, ன, கால், ர, புள்ளி என ஏழு குறியெண். ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் யூ.டி.எஃப்.-8 என்னும் முறையில் மூன்று பைட் கொள்ளுமாதலின் 21 பைட். ஆங்கிலத்தில் இதே பெயர் ஆறு எழுத்து, ஆறு குறியெண், ஆறு பைட். எண்ணும் வழி எதுவாயினும் விடை ஒன்றே. ஆங்கிலத்துக்கென எழுதிய கணினி நிரல்கள் எண்ணிக்கையையும் இடத்தையும் ஒன்றெனக் கொண்டமைக்கு இதுவே காரணம்.

அதன் விளைவைக் காண்க. பெயருக்கு 30 பைட் இடம் வைத்த பட்டியலில் தலைமன்னார் பத்துக் குறியெண்ணோடு இம்மியும் மிகாது அடங்கும். திருக்கேதீச்சரமோ ஒன்பது எழுத்து, 16 குறியெண், 48 பைட் உடையது. அது 'திருக்கேதீ' என்று முறிந்து நிற்கும். மன்னாரை ஐந்து குறியெண்ணில் நறுக்கினால் 'மன்னா' என்னும் விளி கிடைக்கும். ஊரின் பெயர் அரசனை அழைக்கும் சொல்லாய்விடும். ஆறில் நறுக்கினால் புள்ளியிழந்த 'மன்னார' எஞ்சும். ஊர்ப்பெயராயின் நகைத்து விடலாம். பிறப்புப் பதிவிலோ பரீட்சைப் பெறுபேற்றிலோ ஒருவன் பெயர் இவ்வாறு முறியுமாயின், அவன் வேறோர் ஆளாகவே கருதப்படுவான். மொழியைச் சமமாக நடத்துவதாகக் கூறும் நாட்டில், 1987இன் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கிய பின், பட்டியலின் கட்டம் ஆங்கிலத்துக்கு அளந்ததாகவே இருப்பது முறையன்று.

சேவையகம் ஏன் அகலத்தை அளக்க வேண்டும் என வினவலாம். சாதாரணப் பந்தியாயின் வேண்டுவதில்லை. படிப்பவரின் கருவியிலுள்ள உலாவியே வரியை மடித்துக்கொள்ளும். வரைபடம், அட்டவணைப் படம், சான்றிதழ், படமாக ஆக்கிய தலைப்பு ஆகியவற்றில் அவ்வாறன்று. மன்னார்க் கரையின் வரைபடம் ஒன்றை எண்ணுக. தலைமன்னார், பேசாலை, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி என ஊர்ப்பெயர்கள் கரையோரம் நிற்க வேண்டும். கோட்டோவியமாய் அனுப்பும் படத்தில் எழுத்து தானே மடியாது. ஒரு பெயர் மற்றொன்றன் மேல் ஏறாதிருக்க, அது எத்தனை பிக்சல் அகலம் என்பதைப் படத்தை ஆக்கும் சேவையகம் முன்னரே அறிதல் வேண்டும்.

அளக்கும் முறை பழைய ஈயக் கணக்கின் மறுபிறப்பே. எழுத்துருக் கோப்பினுள் ஒவ்வொரு வடிவத்துக்கும் அதன் நகர்வகலம் எண்ணாய் எழுதப்பட்டுள்ளது. கட்டையின் உடலகலம் அங்கே எண்ணாய் வாழ்கின்றது எனலாம். எழுத்துருவின் முழு அளவு 1000 கூறு என்றும், ம 800, ன 1200, கால் 600, ர 600, புள்ளி சுழி என்றும் கொண்டால், மன்னார் 4400 கூறு. 16 பிக்சல் அளவில் எழுதினால் 4400ஐ 16ஆற் பெருக்கி 1000ஆல் வகுக்க, 70.4 பிக்சல். அதே எழுத்துருவில் ஏகாரக் கொம்பு 900, ப 700, ச 800, இணைக்கொம்பு 1100, ல 900 எனின், பேசாலை காலையும் சேர்த்து 5000 கூறு, அதாவது 80 பிக்சல். ஏழு குறியெண்ணுடைய பெயர் ஒடுங்கியும் ஆறு குறியெண்ணுடைய பெயர் அகன்றும் நிற்றல் காண்க. ஒரு குறியெண்ணுக்குச் சராசரி 800 கூறு என்று எண்ணிக் கணக்கிடும் நிரல், மன்னாருக்கு 89.6 பிக்சல் ஒதுக்கி இடத்தை வீணாக்கும், பேசாலைக்கு 76.8 ஒதுக்கி ஈற்றை வெளியே தள்ளும். சிங்களத்தில் மன்னாரம என்னும் பெயரும் ஏழு குறியெண்ணே. ஆயினும் அதன் ஈற்றில் நிற்பது முழு மகரம். தமிழில் நிற்பதோ புள்ளி. எண்ணிக்கை ஒத்தும் இடம் ஒவ்வாது.

கூட்டல் மட்டும் போதுமா எனின், போதாது. கொண்டச்சி என்பதை நோக்குக. கொ என்னும் எழுத்தின் உயிர்க்குறி மெய்க்குப் பின் வரும் குறியெண்ணாய்ச் சேமிக்கப்படுகின்றது. தோன்றும்போதோ மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கின்றது. அதனை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாய் இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு வேறுபாடில்லை. கு, டு போல்வன தனி வடிவம் பெறுவன. ஆதலின் குறியெண்களை முதலில் வடிவங்களாக்கி ஒழுங்குபடுத்திய பின்னரே அளத்தல் வேண்டும். இப்பணியைச் செய்யும் நிரல்களுள் பெயர்பெற்றது ஹார்ஃப்பஸ். அப்பெயர் எழுத்தைக் குறிக்கும் ஹர்ஃப் என்னும் பாரசீகச் சொல்லை உடையது. காலிக் கல்லின் மூன்றாம் மொழி இங்கே மீண்டும் தலைகாட்டுகின்றது. படம் வரையும் பழைய நிரல்கள் பல இவ்வொழுங்கு செய்யாமலே எழுத்தைப் பதித்தமையால், கொம்பு மெய்க்குப் பின்னே தொங்கும் தமிழ்ப் படங்கள் இணையத்தில் மலிந்தன. அவற்றில் அளவும் பிழை, எழுத்தும் பிழை.

யூனிகோடு பரவுமுன் இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையேயும் வழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களில் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஓர் ஆங்கில விசையின் எண் இருந்தது. அங்கே வெறுங் கூட்டலே சரியான அகலத்தைத் தரும். ஆனால் அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் தோன்றும். அளத்தல் எளிதாயிருந்தது, படித்தல் உறுதியற்றிருந்தது.

இனி, கல்லுக்கும் இணையத்துக்குமான வேற்றுமை. சேவையகம் ஓர் எழுத்துருவைக் கொண்டு அளக்க, படிப்பவரின் கருவி வேறோர் எழுத்துருவில் காட்டலாம். விண்டோசில் லதா அல்லது நிர்மலா, ஆப்பிள் கருவியில் தமிழ்ச் சங்கம், ஆண்ட்ராய்டில் நோட்டோ எனக் கருவிதோறும் வேறுபடும், அகலமும் வேறுபடும். கோவா எழுத்தால் அளந்து கொல்லத்து எழுத்தால் அச்சிட்டாற்போலும் இது. இதற்குத் தக்க வழி, அளந்த எழுத்துருவையே பக்கத்தோடு சேர்த்து அனுப்புதல். அஃது இயலாதாயின் பல எழுத்துருக்களில் அளந்து, அவற்றுள் மிகுந்த அகலத்தைக் கொண்டு, மேலும் சிறிது இடம் விடுதல் வேண்டும். படமாக ஆக்கி அனுப்பினால் அகலம் மாறாது. ஆனால் அப்படத்திலுள்ள எழுத்தைத் தேடவும் எடுக்கவும் இயலாது, பார்வையற்றோர்க்கு ஒலித்துக் காட்டவும் இயலாது. பெயரைச் சுருக்கியே தீரவேண்டுமாயின் குறியெண்ணில் நறுக்காது முழு எழுத்தின் எல்லையில் நிறுத்தி, பின் இடும் மூன்று புள்ளிகளின் அகலத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். இம்மூன்று புள்ளிகளை மறந்த நிரல்கள் எண்ணில.

தலைமன்னாருக்கான புகையிரதப் பாதை 1914இல் திறக்கப்பட்டு, போரினால் 1990இல் அழிந்து, 2015இல் மீண்டும் இறங்குதுறை வரை சென்றது. நிலையப் பலகைகளில் மும்மொழியிலும் பெயர் தீட்டுவோன் மூன்று வரிகளையும் முதலிற் கோடிட்டு அளந்துகொண்டே தூரிகையை எடுப்பான்; தமிழ்ப் பெயர் நீண்டதாயின் எழுத்தைச் சற்று ஒடுக்கி எழுதுவான், ஈற்றுப் புள்ளியை விடான். அதே நிலையப் பெயர் நேர அட்டவணைப் பக்கத்தில் வரும்போது, அக்கோட்டை இடவேண்டிய வேலை சேவையகத்தினுடையது.